லேப் டைரி: ஊதா எண்ணெயும் பழுப்பு ஃபிளாஸ்க்கும்

"ஏய், உங்க வீட்டு மொட்டை மாடியில யாருடி கிரேப் ஜூஸைக் காய வெச்சிருக்காங்க?"

செஞ்சிக் கோட்டையைப் பார்க்கணும்னு என்கூட ஊருக்கு வந்த மதுரைக்காரி கேட்ட முதல் கேள்வி இதுதான். 2025 ஜூலையில யுனெஸ்கோ எங்க கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாலும் அறிவிச்சாங்க, என் வீடு லாட்ஜ் ஆயிடுச்சு பாஸ்! மராட்டியர் கோட்டைகள்னு 12 கோட்டைகளைச் சேர்த்தாங்க. அதுல 11 மகாராஷ்டிராவுல. மிச்சம் ஒண்ணே ஒண்ணு எங்க ஊரு. கெத்து இல்லையா? ஹாஸ்டல்ல பாதிப் பேர் பையைத் தூக்கிட்டு என் பின்னாடியே கிளம்பிடறாங்க. ராஜகிரிப் படிக்கட்டுல பாதியில உட்கார்ந்து, "தேசிங்கு ராஜா இதை எப்படிடி ஏறினாரு?"ன்னு மூச்சு வாங்குறதும் அவங்களேதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். மாடியில இருந்தது கிரேப் ஜூஸ் இல்ல. வெட்பாலைத் தைலம். எங்க பெரியம்மாவோடது.

வெட்பாலையை நீங்க கட்டாயம் பார்த்திருப்பீங்க, பேர்தான் தெரிஞ்சிருக்காது. வறண்ட குன்றுப் பக்கம் தானா முளைக்கிற சின்ன மரம். இலையைக் கிள்ளினா பால் வரும். வெயில் காலத்துல வெள்ளையா, வாசனையா பூக்கும். காய் ரெண்டு ரெண்டா தொங்கும். ரெண்டும் நுனியில ஒட்டிக்கிட்டு, கை கோத்த லவ்வர்ஸ் மாதிரி இருக்கும். மரத்தைச் சீவினா தந்தம் மாதிரி வெள்ளையா வரும். கர்நாடகாவுல சென்னப்பட்டணத்து மரப்பாச்சி, கிலுகிலுப்பை எல்லாம் செய்யறது இந்த மரத்துலதான். சின்ன வயசுல அதைக் கடிச்சு வளர்ந்தவங்க இதைப் படிக்கறீங்கன்னா, உங்களுக்கும் வெட்பாலைக்கும் பழைய உறவு!

ஆயா செய்யற பக்குவம் சிம்பிள். இலையைப் பறிச்சு, தூசி தட்டி, கையாலயே கிள்ளி கண்ணாடி ஜாடியில போடுவாங்க. இலை முழுகற அளவுக்குத் தேங்காய் எண்ணெய். மேல வெள்ளைத் துணி கட்டி மாடி வெயில்ல வெச்சிடுவாங்க. முதல்ல எண்ணெய் எண்ணெயாத்தான் இருக்கும். அப்புறம் ஓரத்துல லேசா ஊதா கசியும். சில நாள்ல ஜாடி முழுக்கக் கருநாவல் பழக் கலர். பச்சை இலை, வெள்ளை எண்ணெய்... ஊதா எங்கேருந்து வந்தது? சின்னப் புள்ளையில கேட்டதுக்கு, "வெயில்லேருந்து வருதுடி"ன்னாங்க ஆயா. பாதி கரெக்ட்.

பெரியம்மாவுக்கு சோரியாசிஸ். சித்த மருத்துவத்துல காளாஞ்சகப்படைன்னு பேரு. முழங்கை, முழங்கால், தலை ஓரம்னு சிவந்து, மேல வெள்ளி மாதிரி செதில் செதிலா உதிரும். நம்ம தோல்ல ஒரு செல் அடியில பிறந்து, மேல வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும். சோரியாசிஸ் இருக்குற இடத்துல இந்த வேலை மூணு நாலு நாள்ல நடந்துடுது. உடம்போட நோய் எதிர்ப்புப் படை ஆளில்லாத எதிரியோட சண்டை போடுது, அந்த அவசரத்துல தோல் செல் மேல செல்லா குவியுது. அவ்வளவுதான். கிருமி கிடையாது. தொட்டா ஒட்டாது. பக்கத்துல உட்கார்ந்தா ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது.

இது எனக்குத் தெரியும். எங்க ஊரு வெள்ளிக்கிழமை சந்தைக்குத் தெரியாதே! பெரியம்மா கையை நீட்டினா, மீதிச் சில்லறையைக் கையில வைக்காம பலகை மேல வைக்கிற கடைக்காரரை நானே பார்த்திருக்கேன். பஸ்ஸுல மூணு பேர் சீட்டுல பெரியம்மா மட்டும் தனியா உட்கார்ந்து வருவாங்க. "எனக்கு ரிசர்வேஷன்டி"ன்னு சிரிப்பாங்க. சித்திரை வெயில்லயும் முழுக்கை ஜாக்கெட். 2014-லயே உலக சுகாதார சபை இது ஒட்டுவாரொட்டி இல்லை, இதைக் காரணமா வெச்சு ஒதுக்காதீங்கன்னு தீர்மானமே போட்டிருக்கு. ஜெனீவாவுல போட்ட தீர்மானம் செஞ்சி பஸ் ஸ்டாண்டு வந்து சேர இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ!

இப்ப அந்த ஊதாவுக்கு வர்றேன். நம்ம எஞ்சினியர் மூளை அங்கதானே நிக்கும்?

வெட்பாலையோட தாவரவியல் பேரு ரைட்டியா டிங்க்டோரியா. டிங்க்டோரியான்னா லத்தீன்ல சாயத்துக்கு ஆகுறதுன்னு அர்த்தம். 1790-கள்ல வில்லியம் ராக்ஸ்பர்க்ங்கற ஸ்காட்லாந்துக்காரர் ஆந்திராப் பக்கம் சாமல்கோட்டையில இந்த இலையிலேருந்து நீலச் சாயம் எடுத்துப் பார்த்து, கம்பெனிக்காரங்களுக்கு எழுதினார். எங்க பழைய தென்னாற்காடு ஜில்லாவே அவுரிச் சாயத்துக்குப் பேர் போனதுதான். அவுரி வயல்ல, வெட்பாலை குன்றுல. ரெண்டு செடிக்கும் சொந்தமே கிடையாது, ஆனா ரெண்டுக்குள்ளயும் அதே இண்டிகோ சமாச்சாரம் ஒளிஞ்சிருக்கு. பிற்காலத்துல வெட்பாலை இலையைப் பிரிச்சுப் பார்த்தவங்க அதுல இண்டிரூபின், டிரிப்டான்த்ரின், ஐசாட்டின்னு ஒரு குடும்பத்தையே கண்டுபிடிச்சாங்க. இதுல இண்டிரூபின் பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. இண்டிகோவோட இரட்டைப் பிறவி. அதே அணுக்கள், கோத்த விதம் வேற. அவ நீலம், இவ செவ்வூதா.

சென்னையில மத்திய அரசோட சித்த மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்ல வேலை பார்த்த டாக்டர் ஜே.ஆர்.கிருஷ்ணமூர்த்தி, இந்த எண்ணெயை ஒழுங்கா ஆராய்ஞ்சு சோரியாசிஸுக்குக் கொண்டு வந்தார். 777 ஆயில்னு பேரு. இன்னிக்கும் சித்தா ஓ.பி.யில சோரியாசிஸ்னு போனா ஊதா எண்ணெய்ப் பாட்டில் கையில வரும். ஊட்டி ஜே.எஸ்.எஸ். பார்மசி கல்லூரிக்காரங்க இந்த இலையை எலி வால் தோல்ல டெஸ்ட் பண்ணி 2012-ல எழுதினாங்க. எலிக்கு நல்ல சேதி. மனுஷனுக்கு?

அதுக்கு தைவான் போகணும். அங்க நம்ம வெட்பாலை இல்ல, வேற செடிகள்லேருந்து எடுக்குற சிங் தாய்ங்கற நீலப் பொடி. அதுலயும் இருக்குறது இண்டிகோவும் இண்டிரூபினும்தான். சாங் குங் மெமோரியல் மருத்துவமனையில லின் யின் கூங்கற டாக்டர் 42 நோயாளிகளை எடுத்துக்கிட்டார். ஒரே ஆளோட உடம்புல ஒரு பக்கம் நீலக் களிம்பு, இன்னொரு பக்கம் மருந்தில்லாத வெறும் களிம்பு. 12 வாரம். 2008-ல ரிசல்ட் வந்தது: 42 பேர்ல 31 பேருக்கு நீலம் பூசின இடம் முழுசாவோ, கிட்டத்தட்ட முழுசாவோ தெளிஞ்சிருந்தது. இந்த டிசைன்தாங்க எனக்குப் பிடிச்சது. உடம்பு, சாப்பாடு, டென்ஷன் எல்லாம் ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணு. வித்தியாசம் களிம்பு மட்டும்தான். சாக்கு சொல்ல இடமே இல்ல!

ஆனா அங்கயும் ஒரு தலைவலி. நீலம் தோல்லயும் துணியிலயும் ஒட்டிக்கிச்சு. அப்புறம் பொடியை எண்ணெயில வடிச்சு, கறை குறைஞ்ச வடிவத்தை அதே டீம் கொண்டு வந்தது. எண்ணெயில வடிக்கிறதுன்னதும் எனக்கு எங்க மொட்டை மாடிதான் ஞாபகம் வந்தது.

இன்னொரு ஆச்சரியம். 2022 மே மாசம் அமெரிக்காவுல டாபினரோஃப்னு ஒரு புது சோரியாசிஸ் க்ரீமுக்கு அனுமதி கிடைச்சது. அதோட மூலம், மண்ணுல இருக்குற நூல்புழுவுக்குள்ள குடியிருக்கிற ஒரு பாக்டீரியா! அந்த மருந்து தோல் செல்லுக்குள்ள எந்தப் பூட்டைத் திறக்குதோ, அதே பூட்டுல இண்டிரூபினும் பொருந்தும். அதனால, ‘பாட்டி வைத்தியம்’னு ஊதா எண்ணெயைப் பார்த்து யாராச்சும் உதட்டைப் பிதுக்கினா எனக்குக் கோபம் வரும்.

அதே கோபம் போன செமஸ்டர் என் மேலயே வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பில்டப்.

மினி புராஜெக்ட். நாலு பேர் டீம். தலைப்புல நானோன்னு இருந்தா மார்க்கு நிச்சயம்ங்கறது எங்க டிபார்ட்மென்ட் ஐதீகம். நம்ம ஊருல ஏதோ ஒரு இலையும் கொஞ்சம் சில்வர் நைட்ரேட்டும் கிடைச்சா புராஜெக்ட் ரெடி. துளசியா? துளசி வெள்ளி நானோ. வேப்பிலையா? வேப்ப வெள்ளி நானோ. முருங்கை, நொச்சி, கருவேப்பிலைன்னு சாம்பார்ல போடுறதையெல்லாம் சீனியர்ஸ் முடிச்சிட்டாங்க. நான் பெருமையா கையைத் தூக்கினேன்: "வெட்பாலை!"

ஊருலேருந்து இலை வந்தது. தண்ணியில கொதிக்க வெச்சு வடிகட்டினோம். சில்வர் நைட்ரேட் கரைசல்ல ஊத்தினோம். வெளிர் மஞ்சளா இருந்தது, டீ மாதிரி ஆகி, அப்புறம் அடர் பழுப்பு. இலைச்சாறுல இருக்குற சமாச்சாரம் வெள்ளி அயனியை வெள்ளியா மாத்தி, துளித் துளியா நானோ சைஸ்ல நிறுத்திடுது. அந்தத் துகள்கள் வெளிச்சத்தை விழுங்குறதாலதான் பழுப்பு. யூவி மெஷின்ல வெச்சா 420 நானோமீட்டர் பக்கம் அழகா ஒரு குன்று. ராஜகிரி மாதிரியே இருக்குன்னு நான் போட்டோ எடுத்துக்கிட்டேன். பெட்ரி டிஷ்ல பாக்டீரியா வளர்த்து ஒரு சொட்டு வெச்சோம். சுத்தி தெளிவா ஒரு வட்டம். பாக்டீரியா அவுட்! "சோரியாசிஸுக்கான வெட்பாலை நானோ மருந்து"ன்னு தலைப்பு அடிச்சு, ஸ்பைரல் பைண்டிங் போட்டாச்சு.

பொங்கல் லீவுல அந்த ரிப்போர்ட்டைப் பெரியம்மாகிட்ட காட்டினேன். படம் எல்லாம் திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம் ரொம்ப சாதாரணமா கேட்டாங்க: "அப்ப இதை நான் பூசிக்கலாமாடி?"

எனக்கு வாய் ஒட்டிக்கிச்சு.

ஏன்னா பதில் ‘கூடாது’. ஏன் கூடாதுன்னு யோசிக்க யோசிக்க ரிப்போர்ட்டு ஒவ்வொரு பக்கமா கிழியுது. சோரியாசிஸ் பாக்டீரியாவால வர்ற நோயே இல்லையே! பெட்ரி டிஷ்ல வந்த அந்த வட்டம், வெள்ளி பாக்டீரியாவைக் கொல்லும்னு சொல்லுது. அது தீப்புண்ணுக்கு வெள்ளிக் களிம்பு போடுற ஊருக்கே தெரிஞ்ச சேதி. பெரியம்மா முழங்கைக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. அதை விடுங்க, இண்டிரூபின் தண்ணியில கரையாது. நாங்க எடுத்ததோ தண்ணிச் சாறு. ஆயா ஜாடியில வந்த ஊதா எங்க ஃபிளாஸ்க்குல எட்டிக்கூடப் பார்க்கல. அதுல இண்டிரூபின் இருக்கா இல்லையான்னு நாங்க தேடவே இல்ல. இலைக்கு மருந்துன்னு பேர் வாங்கிக் கொடுத்த பொருள் பக்கமே போகாம, இலையோட பேரை மட்டும் தலைப்புல தூக்கி வெச்சிட்டோம். ஆயா எண்ணெயைத் தேர்ந்தெடுத்தாங்க. நாங்க, எல்லாரும் தண்ணியிலதான் பண்றாங்கன்னு தண்ணியில பண்ணினோம்.

அப்ப நானோவே வெத்து வேட்டான்னா, அதுவும் இல்ல. இடம்தான் தப்பு.

நம்ம தோலோட மேல் அடுக்கு இருக்கே, அது எங்க கோட்டைச் சுவரு மாதிரி. செத்த செல்கள் கல்லு, நடுவுல கொழுப்பு சாந்து. மொத்தத் தடிமன் 10, 20 மைக்ரான்தான் இருக்கும். ஆனா உள்ள விடாது. மராட்டிய ராஜாராம் உள்ள இருக்க, முகலாயப் படை 1690-லேருந்து 1698 வரைக்கும் செஞ்சிக்கு வெளியில காத்துக் கிடந்ததே, அந்தக் கதைதான். மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு மேல போனா தோலைத் தாண்டறது கஷ்டம்னு 2000-ல ரெண்டு பேர் ஒரு கணக்கு சொன்னாங்க. இண்டிரூபின் வெறும் 262. ஆளு சின்ன ஆளுதான், வாசல் வழியா நுழையலாம். பிரச்னை என்னன்னா, எதுலயும் சுலபமா கரையாம முறைச்சுக்கிட்டு நிக்கும். தேங்காய் எண்ணெயில கொஞ்சம் கரைஞ்சாலும், பாதி எண்ணெய் தோல் மேலயே நின்னு தலையணையில இறங்கிடும்.

இங்கதான் நானோ எமல்ஷன் வரணும். எண்ணெயை மிகச் சின்னத் துளியா உடைச்சு, தண்ணியில மிதக்க விட்டு, ஒண்ணோட ஒண்ணு சேராம பிடிச்சு வைக்கிறது. 1 மைக்ரான் துளியை 100 நானோமீட்டருக்கு உடைச்சா, அதே எண்ணெய்க்கு 10 மடங்கு பரப்பு. நம்ம தலைமுடி தடிமன் ஏறக்குறைய 80 ஆயிரம் நானோமீட்டர், பார்த்துக்கோங்க. துளி அப்படியே துளைச்சுக்கிட்டு ரத்தத்துக்குப் போயிடும்னு பயப்படவும் வேணாம், போகும்னு விளம்பரம் பண்ணவும் வேணாம். நல்ல தோல்ல துகள்கள் பெரும்பாலும் மேல் அடுக்குலயும் முடிக்கால் குழியிலயும் தங்கிடும். சன்ஸ்கிரீன்ல இருக்குற துத்தநாக ஆக்சைடே அப்படித்தான். துளி வாசல்ல நிக்கும், உள்ள இருக்குற மருந்து இறங்கிப் போகும். அதுதான் பிளான். சோரியாசிஸ் தோலோ நல்ல தோல் இல்ல. சுவரே இடிஞ்சு கிடக்குற இடம். எமல்ஷன் நிக்கறதுக்காக நாம சேர்க்குற சோப்பு மாதிரி சமாச்சாரம் அங்க எரிச்சலைக் கிளப்பலாம். அதையும் சேர்த்துப் பார்த்தாத்தான் அது மருந்து வேலை, இல்லைன்னா கலர் மாத்துற மேஜிக் ஷோ.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை. ஒரு ஜாடியில எவ்வளவு இண்டிரூபின் இருக்கு? மாசி மாசத்து இலையிலயும் ஐப்பசி மாசத்து இலையிலயும் ஒரே அளவா? ராஜகிரி அடிவாரத்து மரமும் ஏரிக்கரை மரமும் ஒண்ணா? அதை அளக்காம நானோ பண்றது, எடைக்கல் இல்லாம தங்கம் விக்கிற மாதிரி.

நடுவுல ஒரு சோகக் கதையும் சொல்லிடறேன். நாலு வருஷம் முன்னாடி யாரோ சொன்னாங்கன்னு பெரியம்மா ‘சுத்த மூலிகை’ன்னு ஒரு டப்பா வாங்கினாங்க. கம்பெனி பேரோ, என்ன சேர்த்திருக்குன்னோ ஒரு எழுத்து கிடையாது. ஒரே வாரத்துல தோல் பளபள! வீடே கொண்டாடுச்சு. டப்பா தீர்ந்து பத்தே நாள்ல, முன்ன இல்லாத இடத்துலயெல்லாம் கிளம்பி, உடம்பே தீயா எரிஞ்சு ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதாப் போச்சு. டாக்டர் அந்த டப்பாவை மோந்துகூடப் பார்க்கல. "ஸ்டீராய்டா இருக்கும்மா"ன்னு சொன்னார். அதுல என்ன இருந்ததுன்னு யாரும் டெஸ்ட் பண்ணல, அதனால அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா லண்டன்ல 1999-ல இப்படி 11 சீன மூலிகைக் களிம்புகளை வாங்கி சோதிச்சாங்க. 8-ல டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு! டாக்டர் பார்த்து, அளவா, நாள் கணக்கு போட்டுக் கொடுத்தா ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். பேரை மறைச்சு வர்ற ஸ்டீராய்டுதான் வில்லன். அதனால ஒரு வாரத்துல மாயமாகுற எந்த ‘மூலிகை’யையும் நான் சந்தேகப்படறேன். ஊதா எண்ணெய் அவ்வளவு ஃபாஸ்ட் கிடையாது. வாரக் கணக்குல, மெதுவா, நம்ம பொறுமையைச் சோதிச்சுக்கிட்டுத்தான் வேலை செய்யும்.

பெரியம்மா இப்ப தோல் டாக்டரையும் பார்க்கறாங்க, சித்தா ஓ.பி.க்கும் போறாங்க. ரெண்டு பேருக்கும் ரெண்டு மருந்தும் தெரியும். காலையில விரல் மூட்டு விறைச்சுக்குதுன்னு ஒருநாள் சும்மா சொன்னதை தோல் டாக்டர்தான் பிடிச்சார். சோரியாசிஸ் சிலருக்கு மூட்டுக்கும் இறங்கும், அதை எண்ணெய் பார்த்துக்காது. உங்க வீட்டுலயும் யாராச்சும் இருந்தா மூட்டைப் பத்தி மறக்காம கேளுங்க.

இந்த செமஸ்டர் புராஜெக்ட் தலைப்பை மாத்திட்டேன். "வெட்பாலை எண்ணெயில் இண்டிரூபின் அளவு: இலை பறித்த மாதமும் வெயில் நாட்களும்." கைடு சார் படிச்சுட்டு கண்ணாடியைக் கழட்டினார். "நானோ எங்கம்மா?"

"அடுத்த பேட்ச் பண்ணுவாங்க சார். அவங்களுக்கு எடைக்கல் செஞ்சு வெக்கறேன்."

சார் ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் கையெழுத்துப் போட்டார். டீம்ல ரெண்டு பேர் துளசிக்குத் தாவிட்டாங்க. மதுரைக்காரி மட்டும் என்கூட இருக்கா, கிரேப் ஜூஸ் பாசம்!

பெரியம்மாகிட்ட போன்ல விஷயத்தைச் சொன்னேன். இண்டிரூபின், 262, நானோ துளி எல்லாத்தையும் பொறுமையா கேட்டாங்க. "அதெல்லாம் சரிடி. தலையணை உறையில கறை படாம இருக்க ஏதாச்சும் வழி உண்டா? வெளியூர்ல கல்யாணம் காட்சின்னா ராத்தங்க முடியல. அவங்க வீட்டுப் பாய் தலகாணியெல்லாம் பாழாயிடுமேன்னு அன்னிக்கே கிளம்பிடறேன்."

அத்தனை பேப்பர் படிச்சேன். எங்கயும் இந்தக் கேள்வி எனக்கு இப்படி உறைக்கல. தைவான் டாக்டர் எண்ணெயில வடிச்சது எதுக்குன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சது.

போன வாரம் திண்டிவனம் பஸ்ஸுல ஒரு பார்சல் வந்தது. உள்ள முறுக்கு, ஒரு பாட்டில் தைலம், நாலா மடிச்ச பழைய தலையணை உறை. ஊதாவும் இல்லாம நீலமும் இல்லாம, கடைசியா வெளுத்து ஒரு மாதிரி மேக நிறம். கூட ஒரு துண்டுச் சீட்டு: "இதை வெச்சுக்கிட்டு டெஸ்ட் பண்ணு. போச்சுன்னா சொல்லு."

முறுக்கு தீர்ந்துடுச்சு. உறையை எட்டுத் துண்டா வெட்டி, எட்டு பீக்கர்ல போட்டு வெச்சிருக்கேன்.